நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத நிரல்

இணையத்தளம் ஒன்றில் ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது, அவருடைய உலாவிக்கும் அந்த விவரம் போய்ச் சேரும் தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று வேலை பார்ப்பது ஸ்கிரிப்டு மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல் ஆகும். இணையத்தில் இவ்வேலைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் மொழிகளுள் ஒன்று பிஎச்பி. அதனோடு பெரும்பாலும் இணைந்து இயங்கும் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். நிரல், எஸ்க்யூஎல் என்னும் வினவல் மொழியில் ஒரு கட்டளையை அனுப்புகிறது. தரவுத்தளம் அதற்கு மூன்று விதங்களில் பதில் தரக்கூடும். சொன்னதைச் செய்து முடித்தேன் என்பது முதலாவது. செய்ய இயலவில்லை என்பது இரண்டாவது. இதற்குப் பிழை என்று பெயர். செய்தேன், ஆனால் சொன்னபடியே செய்யவில்லை என்பது மூன்றாவது. இதற்கு எச்சரிக்கை என்று பெயர். பிழையே கடுமையானது, எச்சரிக்கை அதைவிட லேசானது என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இணையத்தளங்களில் சேமிக்கப்பட்ட தரவு சீர்கெட்ட வரலாற்றைப் பார்த்தால், ஓசையெழுப்பி நின்றுபோன பிழைகளைவிட ஓசையின்றிக் கடந்துபோன எச்சரிக்கைகளே ஆறாத சேதத்தை விளைத்திருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல் தரும் ஒவ்வொரு பிழையும் மூன்று கூறுகளோடு வருகிறது. முதலாவது அதற்கே உரிய எண். இரண்டாவது எஸ்க்யூஎல் தரநிலையைப் பின்பற்றும் ஐந்து எழுத்துக் குறியீடு. மூன்றாவது மனிதர் படிப்பதற்கான வாக்கியம். 1045 என்ற எண் வந்தால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்றும், 1064 வந்தால் வினவலின் இலக்கணம் பிறழ்ந்துள்ளது என்றும், 1146 வந்தால் கேட்ட அட்டவணையே இல்லை என்றும் பொருள். 2000 முதல் தொடங்கும் எண்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றை எழுப்புவது சர்வர் அன்று, சர்வரோடு பேச முயலும் நிரலின் பக்கத்தில் உள்ள இணைப்புப் பகுதியே. எடுத்துக்காட்டாக, 2002 என்பது சர்வரை எட்டவே முடியவில்லை என்பதையும், 2006 என்பது ஏற்கெனவே இருந்த இணைப்பு அறுந்துபோனதையும் குறிக்கின்றன. எட்டு மணிநேரம், அதாவது 28,800 விநாடிகள், பேச்சின்றிக் கிடக்கும் இணைப்பைச் சர்வர் தானாகவே துண்டித்துவிடும் என்பது அதன் தொடக்க அமைப்பு. நெடுநேரம் ஓடும் பின்னணி நிரல்களில் 2006 அடிக்கடி தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎச்பியை ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் எழுதத் தொடங்கித் தம் சொந்த இணையப்பக்கத்துக்கான சிறு கருவித்தொகுப்பாக 1995இல் வெளியிட்டார். மைஎஸ்க்யூஎல்லும் அதே 1995இல் சுவீடனில் தோன்றியது. இவ்விரண்டின் தொடக்ககால வடிவமைப்பிலும் ஒரே மனப்பாங்கைக் காணலாம். எது தவறினாலும் இயன்றவரை வேலையை நிறுத்தாமல் தொடர வேண்டும், பக்கம் ஏதோவொரு வடிவில் பார்வையாளரைச் சென்றடைய வேண்டும் என்பதே அது. தனிமனிதரின் முகப்புப்பக்கத்துக்கு இந்தத் தாராளம் பொருந்தியது. வங்கிக்கணக்கும் மருத்துவக் குறிப்பும் அதே கருவிகளின்மேல் ஏறி அமர்ந்தபோது பொருந்தாமற்போனது.

அக்காலத்து பிஎச்பியில், தரவுத்தளத்தை வினவும் செயற்கூறு தோல்வியுற்றால் 'பொய்' என்ற தருக்க மதிப்பை மட்டும் திருப்பித் தந்துவிட்டு அமைதியாகிவிடும். அந்த மதிப்பைச் சோதித்துப் பார்ப்பது நிரலாளரின் பொறுப்பு. அவர் சோதிக்கத் தவறினால் நிரல் அடுத்த வரிக்குச் சென்று, விடையிலிருந்து வரிசைகளை எடுத்துத் தரும் செயற்கூற்றிடம் அந்தப் 'பொய்'யையே விடைத்தொகுதியாக நீட்டும். அது, தனக்கு விடைத்தொகுதி வர வேண்டிய இடத்தில் தருக்க மதிப்பு வந்திருக்கிறது என்று எச்சரிக்கும். ஒரு தலைமுறை பிஎச்பி நிரலாளர்கள் இந்த எச்சரிக்கையை மனப்பாடமாகவே அறிவார்கள். வினவலில் அட்டவணையின் பெயர் தவறியிருப்பது 40ஆம் வரியில் என்றால் எச்சரிக்கை சுட்டுவதோ 41ஆம் வரியை. நோய் ஓரிடம், வலி ஓரிடம். புதிதாகக் கற்பவர்கள் 41ஆம் வரியையே திரும்பத் திரும்பத் திருத்திக் களைத்துப்போவது இதனால்தான்.

இதற்குத் தீர்வாகப் பயிற்சி நூல்கள் கற்றுக்கொடுத்த வழி மற்றொரு கேட்டைக் கொண்டுவந்தது. வினவல் தோற்றால் தரவுத்தளத்தின் பிழைச்செய்தியைத் திரையில் அச்சிட்டுவிட்டு நிரல் அங்கேயே மடியட்டும் என்று, ஒவ்வொரு வினவலின் முடிவிலும் 'ஆர் டை' என்ற இரு சொற்களைச் சேர்க்கும் வழக்கம் அது. நிரல் நிற்கிறது, காரணமும் தெரிகிறது என்ற வகையில் எழுதும் மேசையில் இது பயனுள்ளதுதான். ஆனால் அதே நிரல் பொதுமக்கள் பார்க்கும் சர்வருக்குச் சென்றபின், அந்தச் செய்தியைப் படிப்பவர் நிரலாளர் அல்லர், யாரோ ஒருவர். 1045 பிழையின் வாக்கியத்தில் தரவுத்தளப் பயனரின் பெயர் இருக்கும். பிஎச்பி தானே அச்சிடும் எச்சரிக்கையில் சர்வரில் அந்தக் கோப்பு இருக்கும் முழுப் பாதை இருக்கும். 1146இல் அட்டவணையின் பெயர் இருக்கும். தளத்தைத் தாக்க நினைப்பவர் துருவித் தேட வேண்டிய விவரங்களை அத்தளமே வாயிலில் எழுதி வைத்ததாக ஆகிறது.

தாக்குபவர் அதற்கும் ஒருபடி மேலே செல்ல முடியும். பயனர் தந்த உரையை அப்படியே வினவலோடு ஒட்டி அனுப்பும் நிரலில், அந்த உரைக்குள்ளேயே எஸ்க்யூஎல் துணுக்கைப் புகுத்துவது வினவல் ஊடுருவல் எனப்படும். எக்ஸ்எம்எல் ஆவணத்தை ஆராய்வதற்காக மைஎஸ்க்யூஎல்லில் அமைந்துள்ள செயற்கூறுகள், தமக்குத் தரப்பட்ட தேடல்கோவை இலக்கணப்படி அமையாவிட்டால், அந்தக் கோவையையே பிழைச்செய்திக்குள் மேற்கோளாகக் காட்டும். தேடல்கோவைக்குப் பதிலாக வேறோர் அட்டவணையின் உள்ளடக்கத்தை அங்கே செலுத்தினால், பிழைச்செய்தி அந்த இரகசியத்தைத் துண்டுதுண்டாக, ஒவ்வொரு முறையும் 32 எழுத்துக்கு மிகாமல், வெளியே கொண்டுவந்து தரும். பிழைச்செய்தி திரைக்கு வராத தளத்தில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஊடுருவலை வேரிலேயே தடுப்பது, வினவலின் வடிவத்தை முதலில் அனுப்பி மதிப்புகளைப் பின்னர் தனியே சேர்க்கும் முன்தயாரித்த வினவல் முறை. பிழையை மறைப்பது அதற்கு மாற்றாகாது, எனினும் அதற்கு வலுச்சேர்க்கும்.

இனி எச்சரிக்கைகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓர் அட்டவணையில் பெயருக்கான நெடுவரிசை பத்து எழுத்துகள் கொள்ளுமாறு வரையறுக்கப்பட்டிருப்பதாகவும், அதில் 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரைச் சேமிக்க முயல்வதாகவும் கொள்ளலாம். தமிழ் படிக்கும் எவரும் இதில் ஒன்பது எழுத்துகளை எண்ணுவர். பத்துக்குள் அடங்கும் என்றே எதிர்பார்ப்பர். யூனிகோடு முறையிலோ 'மீ' என்பது மகரமும் ஈகாரக் குறியுமாக இரண்டு. 'ட்' என்பது டகரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறு எண்ணினால் அப்பெயரில் 16 குறியீடுகள் உள்ளன. மைஎஸ்க்யூஎல்லின் பழைய, தளர்வான முறை இதை எதிர்கொள்ளும் விதம் இதுதான்: முதல் பத்துக் குறியீடுகளை வைத்துக்கொள்ளும், மீதியை வெட்டி எறியும், வேலை வெற்றி என்று அறிவிக்கும், தரவு துண்டிக்கப்பட்டது என்ற 1265ஆம் எச்சரிக்கையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அட்டவணையில் எஞ்சுவது 'மீனாட்சிசு'. நிரலுக்கு 'மெய்' என்ற மதிப்பே திரும்பி வருவதால், பதிவு நிறைவேறியது என்ற செய்தி பயனரின் திரையில் தோன்றும். வெட்டுண்ட பகுதி எங்கும் இல்லை. காப்புப்பிரதியிலும் இல்லை, ஏனெனில் அது ஒருபோதும் சேமிக்கப்படவே இல்லை.

இதே போக்கின் இன்னொரு விளைவைத் தமிழ்த் தளங்களை நடத்தியவர்கள் கண்கூடாகக் கண்டிருப்பர். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் கொள்ளும் லத்தீன்-1 குறியேற்றத்தில் அமைந்த நெடுவரிசைக்குத் தமிழ் உரை சென்றால், தளர்வான முறையில் ஒவ்வொரு குறியீட்டின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி அமரும். 1366ஆம் எச்சரிக்கை மட்டும் எழும். நீண்டகாலம் மைஎஸ்க்யூஎல்லின் தொடக்கக் குறியேற்றம் லத்தீன்-1ஆகவே இருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது மாறியது. கேள்விக்குறிகளாக மாறிய உரையிலிருந்து மூல உரையை மீட்க எந்த வழியும் கிடையாது. யூடிஎஃப்-8 என்ற பெயரில் மைஎஸ்க்யூஎல் முதலில் தந்த குறியேற்றமும் அரைகுறையானதே. ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் வரை மட்டுமே அது கொள்ளும். வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்குவதால் இக்குறை பலர் கண்ணில் படவில்லை. ஆனால் முந்திரி, காணி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 வழியாகத் தரநிலை பெற்றபோது, நான்கு பைட்டு தேவைப்படும் பகுதியில் இடம்பெற்றன. ஒரு கல்வெட்டுப் படியை அக்குறிகளோடு உள்ளிட்டு, பழைய குறியேற்றமும் தளர்வான முறையும் கொண்ட அட்டவணையில் சேமித்தால், முதல் பின்னக் குறி வந்த இடத்திலேயே உரை அறுபட்டு, அதற்குப் பின்னுள்ள அனைத்தும் காணாமற்போகும். நான்கு பைட்டுகளையும் கொள்ளும் குறியேற்றம் மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்து தனிப்பெயரில் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதே முறை.

துண்டிப்பு என்பது தரவிழப்போடு நிற்பதில்லை என்பதை வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு 2015 ஏப்ரலில் நேர்ந்தது காட்டியது. வாசகர் எழுதும் கருத்துகளில் தீங்கான நிரல்துணுக்கு இல்லை என்பதை முழு உரையையும் ஆராய்ந்து உறுதிசெய்த பிறகே வேர்ட்பிரஸ் அதைத் தரவுத்தளத்துக்கு அனுப்பியது. கருத்து சேமிக்கப்பட்ட நெடுவரிசையின் கொள்ளளவு 65,535 பைட்டுகள். பின்லாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஜோகோ பின்னோனென், இவ்வளவைத் தாண்டும் நீண்ட கருத்தை அனுப்பினால் தரவுத்தளம் அதன் வாலை வெட்டிவிட்டுச் சேமிக்கிறது என்பதையும், வெட்டுப்பட்ட இடத்தில் எச்டிஎம்எல் குறி ஒன்று மூடப்படாமல் தொங்குவதால் முழுமையாக இருந்தபோது தீங்கற்றதாக இருந்த உரை இப்போது உலாவியில் இயங்கும் நிரலாக மாறிவிடுகிறது என்பதையும் வெளிப்படுத்தினார். தளத்தின் நிர்வாகி உள்நுழைந்த நிலையில் அப்பக்கத்தைத் திறந்தால் தளமே பிறர் கைக்குப் போகக்கூடிய நிலை. 4.2 பதிப்பு வெளிவந்த சில நாள்களிலேயே 4.2.1 என்ற திருத்தப்பதிப்பு வெளியிடப்பட்டது. சோதிக்கப்பட்ட உரை வேறு, சேமிக்கப்பட்ட உரை வேறு என்பதை அறிவித்திருக்க வேண்டிய எச்சரிக்கையை எவரும் கேட்காததே இந்த ஓட்டையின் சாரம்.

எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தும் கண்டிப்பு முறை மைஎஸ்க்யூஎல்லுக்குப் புதிதன்று. 2005இல் வந்த 5.0 பதிப்பிலேயே அது விருப்பத்தேர்வாக இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2015இல் வந்த 5.7இல்தான் தொடக்க அமைப்பாயிற்று. இம்முறையில் மேற்கண்ட பெயரைச் சேமிக்க முயன்றால், தரவு மிக நீளமானது என்ற 1406ஆம் பிழை எழும். அட்டவணையில் எதுவும் எழுதப்படாது. 5.7க்கு மேம்படுத்தியவுடன் பல தளங்கள் உடைந்தன. பலர் கண்டிப்பு முறையை அணைத்து வைத்துப் பிரச்சினை தீர்ந்ததாக எண்ணினர். உண்மையில் அந்தத் தளங்கள் அதற்கு முன்பே உடைந்திருந்தன, உடைந்தது தெரியவந்தது மட்டுமே புதிது. இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. ஒரே பதிவு இருமுறை நுழைவதைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்வதற்காக 'இன்சர்ட் இக்னோர்' என்ற கட்டளையைப் பலர் பயன்படுத்துகின்றனர். அக்கட்டளை இரட்டைப்பதிவுப் பிழையை மட்டும் எச்சரிக்கையாகத் தாழ்த்துவதில்லை. கண்டிப்பு முறை நடைமுறையில் இருக்கும்போதே, நீளம் மிகுந்த தரவை வெட்டிச் சேமிக்கும் பழைய வழக்கத்தையும் கூடவே அழைத்துவருகிறது.

பிஎச்பியின் பக்கத்திலும் இதே திசையில் மாற்றம் நிகழ்ந்தது. 2004இல் வந்த 5.0 பதிப்பு 'விதிவிலக்கு' என்னும் பொறிமுறையைக் கொண்டுவந்தது. தோல்வி நேர்ந்ததும் நிரலின் வழக்கமான ஓட்டம் அங்கேயே அறுந்து, அத்தோல்வியைக் கையாளவென்று எழுதப்பட்ட பகுதிக்குக் கட்டுப்பாடு தாவும். அப்படிப்பட்ட பகுதி எங்குமே இல்லையெனில் நிரல் நின்றுவிடும். திரும்பிவந்த மதிப்பைச் சோதிக்க மறந்தால் நிரல் தொடர்கிறது. விதிவிலக்கைப் பிடிக்க மறந்தால் நிரல் நிற்கிறது. மறதியின் விளைவையே மாற்றியமைத்ததுதான் இதன் பெருமை. ஆயினும் தரவுத்தள இணைப்புகள் நெடுங்காலம் பழைய அமைதியையே கடைப்பிடித்தன. பிடிஓ என்ற பொது இணைப்பு 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பிலும், மைஎஸ்க்யூஎல்ஐ என்ற தனி இணைப்பு 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பிலும்தான், கேட்காமலேயே விதிவிலக்கை எழுப்பத் தொடங்கின. தோல்விகளைத் தன் வழியில் கையாளும் வேர்ட்பிரஸ், இந்தப் புதிய நடத்தையை வெளிப்படையாகவே அணைத்து வைத்துக்கொண்டது. நிறுத்தாமல் ஓடும் அனுமானத்தின்மேல் கட்டப்பட்ட பெரிய மென்பொருளை ஓரிரவில் மாற்றிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

விதிவிலக்கைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது பழைய மௌனத்தையே புதுமுறையில் மீட்டுக்கொண்டுவரும். பிடிப்பவர் முதலில் என்ன நேர்ந்தது என்பதைப் பகுத்தறிய வேண்டும். ஐந்து எழுத்துக் குறியீடு இதற்குப் பல நேரம் போதாது. 23000 என்ற குறியீடு ஒரே மின்னஞ்சல் முகவரி இருமுறை பதிவாவதையும் (1062), சார்ந்திருக்க வேண்டிய பதிவு வேறோர் அட்டவணையில் இல்லாததையும் (1452), வெறுமையாக விடக்கூடாத இடம் வெறுமையாக இருப்பதையும் (1048) ஒருசேரக் குறிப்பதால், எண்ணைப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. 1062ஐப் பிழையென்று மட்டும் பார்ப்பதும் சரியன்று. இம்முகவரி முன்பே உள்ளதா என்று முதலில் வினவி, இல்லையென்றால் பதிவுசெய்வது என்று எழுதினால், வினவலுக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட நொடித்துகளில் இன்னொருவர் அதே முகவரியோடு நுழைந்துவிட இடமுண்டு. நேரடியாகப் பதிவுசெய்ய முயன்று, 1062 வந்தால் இம்முகவரி ஏற்கெனவே உள்ளது என்று பயனருக்குச் சொல்வதே பழுதற்ற வழி; இங்கே பிழை என்பது தரவுத்தளம் தரும் நம்பகமான விடை.

ஒன்றுபோலத் தோன்றி அடிப்படையில் வேறுபடும் இரு பிழைகளை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். பல கட்டளைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும், இல்லையேல் ஒன்றுமே நிறைவேறக் கூடாது என்று கட்டப்படும் தொகுப்பு பரிவர்த்தனை எனப்படும். ஒரு பரிவர்த்தனை முதல் வரிசையைப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொன்று இரண்டாவதைப் பூட்டி வைத்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால் இரண்டும் என்றென்றைக்கும் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்புப்பொறி இந்த முட்டுக்கட்டையைக் கண்டறிந்து, ஒன்றைப் பலியாகத் தேர்ந்து, அதன் பரிவர்த்தனை முழுவதையும் பின்வாங்கச் செய்து 1213ஆம் பிழையைத் தரும். நிரல் முதலிலிருந்து மீண்டும் முயன்றால் போதும். 1205 என்பதோ பூட்டுக்காக 50 விநாடிகள் காத்திருந்தும் கிடைக்கவில்லை என்று சொல்வது. தொடக்க அமைப்பில் இது பின்வாங்குவது கடைசிக் கட்டளையை மட்டுமே, பரிவர்த்தனையை அன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதப்பட்ட நிரல், 1205 வந்தபின் பரிவர்த்தனையை உறுதிசெய்துவிட்டால், ஒருவர் கணக்கில் பணம் கழிந்தும் மற்றவர் கணக்கில் சேராமலும் போகும். பிழை எதுவாயினும் முழுப் பரிவர்த்தனையையும் வெளிப்படையாகப் பின்வாங்கச் செய்துவிட்டே மறுமுயற்சியில் இறங்குவது அறிவுடைமை.

நின்றுபோன நிரல் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது மிச்சமிருக்கும் கேள்வி. பயனருக்கு, தம் வேலை நிறைவேறவில்லை என்பதும் மீண்டும் முயலலாமா என்பதும் தெரிந்தால் போதும். எண், வினவல், கோப்பு, வரி, நேரம் அனைத்தும் சர்வரின் பிழைப்பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். திரையில் காட்டும் அமைப்பு பிஎச்பியில் இயல்பாகவே திறந்திருப்பதால், பொதுச் சர்வரில் அதை அணைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதும் அமைப்பை இயக்குவது நிறுவுபவரின் முதல் கடமை. இணைப்பு ஏற்படுத்தும்போதே தோல்வி நேர்ந்து, விதிவிலக்கு பிடிபடாமல் போனால், செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த வரிசையைக் காட்டும் தடத்தில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் வெளிப்படக்கூடும் என்பது பலகாலம் நீடித்த குறை. 2022 டிசம்பரில் வந்த பிஎச்பி 8.2 பதிப்பு, இத்தகைய மதிப்புகளைத் தடத்தில் மறைக்கும் வசதியைச் சேர்த்தது. பதிவேடும் காவலுக்குரியதே. 1062ஆம் பிழையின் வாக்கியத்தில், இருமுறை வந்த அந்த மின்னஞ்சல் முகவரியே எழுதப்பட்டிருக்கும்.

எச்சரிக்கைகளுக்கோ இன்றும் தனியே கேட்டால்தான் விடை. விதிவிலக்கு முறை பிழைகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு கட்டளை எத்தனை எச்சரிக்கைகளை எழுப்பியது என்பதை நிரல் தானே வினவ வேண்டும், அதுவும் உடனே வினவ வேண்டும், ஏனெனில் அட்டவணையைத் தொடும் அடுத்த கட்டளை சென்றவுடன் பழைய பட்டியல் அழிந்துவிடும். மைஎஸ்க்யூஎல்ஐ இணைப்பில் அந்த எண்ணிக்கையை அறியும் வழி தொடக்கம் முதலே இருந்தது. பிடிஓவில் அதற்கென ஒரு செயற்கூறு சேர்ந்தது 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4 பதிப்பில்தான்.